ஆயில் மாற்றிய மறுநாளே கீழே சொட்டுகிறதா? இறுக்கும் முன் துடையுங்கள்

நாமே கழற்றி, நாமே மாட்டிய வேலை. மறுநாள் காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் கருப்பாக ஒரு வட்டம். உடனே கை ஸ்பானரைத்தான் தேடும். எனக்கும் அப்படித்தான். வால்வ் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட்டை (கசியாமல் அடைக்கும் பட்டை) மாற்றிய இரண்டாம் நாள், பழைய எண்ணெயை இறக்கும் ட்ரெயின் போல்ட்டின் தலையில் சொட்டு தொங்குவதைப் பார்த்து அதை இரண்டு முறை இறுக்கினேன். நிற்கவில்லை. எண்ணெய் வந்ததோ மேலே, வால்வ் கவரின் பின் மூலையிலிருந்து. எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் வந்து தொங்கியிருக்கிறது. அலுமினிய சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) மரை போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

படி 1: டிப்ஸ்டிக்
வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக் என்னும் அளவுகோலை உருவி எண்ணெயின் அளவு பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் தப்புதான், கூடுதலாக இருப்பதை இறக்கிவிடுங்கள். ஓட்டும்போது ஆயில் விளக்கு எரிந்தால், வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காமல் அங்கேயே எஞ்சினை அணையுங்கள்.

படி 2: துடையுங்கள்
இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த எண்ணெய் குறுக்குச் சட்டத்திலும் அடித்தட்டிலும் தேங்கி, ஓரிரு நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அது கசிவே இல்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிரேக் கிளீனரும் பழந்துணியும் கொண்டு மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் அதை அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். அடியில் நுழைவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு போட்டே தீர வேண்டும்.

படி 3: ஓடவிட்டுப் பாருங்கள்
அடியில் ஓர் அட்டையை விரித்து, பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். திறந்த வெளியில்தான்; மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொன்றுவிடும். அப்புறம் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரமாக இருப்பதில் எது மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, சந்தேகம் அங்கேதான். கண்ணுக்குப் பிடிபடவில்லையா? துடைத்து உலர்ந்த இடத்தில் டால்கம் பவுடரை லேசாகத் தூவிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். கசியும் இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

படி 4: கடைசியாகக் கை வைத்த இடம்
ஆயில் ஃபில்டர் பக்கம் ஈரமென்றால் கழற்றிவிட்டு, ஃபில்டர் உட்காரும் எஞ்சின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். சில சமயம் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புதியதை மாட்டியிருப்போம். இரண்டு வளையம் இருந்தால் அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டும். பழையதை உரித்தெடுத்து, புது வளையத்தில் துளி எண்ணெய் தடவி, கையாலேயே மாட்டுங்கள். வளையம் தொட்ட பிறகு பெரும்பாலும் முக்கால் சுற்று போதும். சரியான அளவு ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

ட்ரெயின் போல்ட்டில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். நசுங்கி அடைக்கும் வகை வாஷர் ஒருமுறைக்குத்தான்.

வால்வ் கவர்தான் கொஞ்சம் வம்பு. கேஸ்கெட் பள்ளத்திலிருந்து ஒரு நூல் விலகினாலும் கசியும். எக்ஸாஸ்ட் மேல் விழுந்து கருகல் வாடை வரும். கழற்றி, இரு பரப்பையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, டைமிங் கவர் (எஞ்சினின் முன்மூடி) சேரும் மூலைகளில் கையேடு சொன்னால் மட்டும் சீலன்ட் (அடைக்கும் பசை) ஒரு பொட்டு வையுங்கள். சுற்றிலும் பிதுக்கி அப்ப வேண்டாம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று தடவையாக இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல வண்டிகளில் இந்த இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கைப்பலம் காட்டும் இடமில்லை. சீலன்ட் காயக் குப்பியில் போட்டிருக்கும் நேரம் கொடுங்கள்.

இதெல்லாம் செய்தும் வேறு வேறு இடத்தில் ஈரம் கிளம்பினால் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, கிடைத்த சீல் வழியாகவெல்லாம் எண்ணெயைத் தள்ளும்.

கசிவு நின்றதா? அட்டையை இன்னும் இரண்டு இரவு அங்கேயே விட்டுவையுங்கள்.