எண்டோகன்னாபினாய்டுகளும் இன்சுலின் சுரப்பும்: ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எடைபோடும் முறை

கொழுப்பு மிகுந்த உணவால் உடல் பருத்த விலங்குகளில் எண்டோகன்னாபினாய்டுகள் (உடலே தயாரிக்கும், கஞ்சாவின் வேதிப்பொருள்களைப் போலச் செயல்படும் மூலக்கூறுகள்) இன்சுலின் சுரப்பைக் கூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை சொல்லும். குறைக்கின்றன என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளாக இருக்கக்கூடும். முடிவுரையிலிருந்து படிக்கத் தொடங்குபவருக்கு இந்த முரண் விளங்காது. எந்த உயிரினம், எந்தச் செல், எந்த உணவு, எதை அளந்தார்கள் என்ற விவரங்கள் அடங்கிய செய்முறைப் பகுதியிலிருந்து தொடங்குபவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். அந்தப் பகுதியை எப்படிப் படிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படையை மட்டும் முதலில் நினைவில் கொள்ளுங்கள். 1992இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆனந்தமைடும், 1995இல் அடையாளம் காணப்பட்ட 2-அராக்கிடோனாயில்கிளிசராலும் (சுருக்கமாக 2-ஏஜி) எண்டோகன்னாபினாய்டுகளில் முதன்மையானவை. இரண்டும் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து உருவாகும் கொழுப்பு மூலக்கூறுகள். முன்கூட்டியே சேமித்து வைக்கப்படாமல், பெரும்பாலும் தேவை எழும்போது செல் சவ்விலிருந்தே தயாராகின்றன. சிபி1, சிபி2 என்னும் ஏற்பிகள் (இவற்றின் செய்தியை வாங்கும் செல் புரதங்கள்) வழியாக இவை செயல்படுகின்றன. இவ்விரு ஏற்பிகளும் பொதுவாகச் செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறின் உற்பத்தியைக் குறைப்பவை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலோ, குளுக்கோஸ் நுழைந்து ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு கூடியதும் ஏடிபியால் மூடப்படும் பொட்டாசியம் கால்வாய்கள் அடைபட்டு, சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் வெளியேறுகிறது. சுழற்சி ஏஎம்பி இந்த வெளியேற்றத்தை வலுப்படுத்துகிறது. இந்த ஏட்டறிவை மட்டும் வைத்துக் கணித்தால் எண்டோகன்னாபினாய்டுகள் சுரப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் உயிருள்ள கணையம் எப்போதும் இந்தக் கணிப்பின்படி நடப்பதில்லை.

செய்முறைப் பகுதியில் முதலில் உணவைப் பாருங்கள். 'அதிகக் கொழுப்பு உணவு' என்ற சொல் மட்டும் போதாது. மொத்த ஆற்றலில் கொழுப்பின் பங்கு 45 சதவீதமா, 60 சதவீதமா, எத்தனை வாரம் கொடுத்தார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பவை தெரிய வேண்டும். ஒப்பீட்டு விலங்குகளுக்குச் சாதாரண தானியத் தீவனமும் ஆய்வு விலங்குகளுக்குச் சுத்திகரிக்கப்பட்ட பொருள்களால் ஆன உணவும் கொடுத்திருந்தால், நார்ச்சத்தும் சர்க்கரையும்கூட மாறியிருக்கும். விளைவைக் கொழுப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது. கொழுப்பின் வகையும் இந்தத் துறையில் குறிப்பாக முக்கியம். உணவிலுள்ள லினோலெயிக் அமிலம் உடலில் அராக்கிடோனிக் அமிலமாக மாறக்கூடியது என்பதால், எண்ணெய் மாறினாலே எண்டோகன்னாபினாய்டு அளவும் மாறக்கூடும். சுண்டெலியின் மரபுவகையையும் குறித்துக்கொள்ளுங்கள்: பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6ஜே வகையில் என்என்டி என்னும் மரபணு பழுதுபட்டிருக்கிறது, இந்தப் பழுது இன்சுலின் சுரப்புக் குறைவோடு தொடர்புபடுத்தப்படுகிறது. மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை வேறொரு துணைவகையுடன் ஒப்பிட்டிருந்தால், எந்த மரபணுவின் விளைவைப் பார்க்கிறோம் என்றே சொல்ல முடியாது.

அடுத்தது எண்டோகன்னாபினாய்டுகளை அளந்த விதம். திசுவில் 2-ஏஜி ஒரு கிராமுக்கு நானோமோல் அளவிலும், ஆனந்தமைடு பிகோமோல் அளவிலும் இருப்பது வழக்கம். திசுவை எடுத்ததும் உடனே உறைய வைக்காவிட்டால் இவ்வளவுகள் மாறிவிடும். எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைத்து விரைந்து பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் இரத்த செல்களே ஆனந்தமைடை வெளியிட்டுக்கொண்டிருக்கும். 2-ஏஜி தானாகவே 1-ஏஜி என்னும் வேறு வடிவமாக உருமாறும். எனவே மாதிரிகளை எப்படிக் கையாண்டார்கள் என்ற விவரமும், நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்து அளக்கும் கருவி) டியூட்டிரியம் என்னும் கன ஹைட்ரஜன் ஏற்றிய ஒப்பீட்டுச் சேர்மம் பயன்பட்டதா என்ற விவரமும் கட்டுரையில் இருக்க வேண்டும். முழுக் கணையத்தில் அளந்த எண்ணை இன்சுலின் சுரக்கும் திட்டுகளின் (பீட்டா செல்கள் அடங்கிய சிறு செல் கூட்டங்கள்) எண்ணாகக் கொள்ளாதீர்கள். திட்டுகள் கணையத்தின் எடையில் ஓரிரு சதவீதம்தான்.

இன்சுலினுக்கு வரும்போது நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன. இரத்தத்தில் இன்சுலின் கூடியிருக்கிறது என்பதும் சுரப்பு கூடியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. கணையத்திலிருந்து வெளிப்படும் இன்சுலினில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. உடல் பருமனில் கல்லீரலின் இந்த வேலை மந்தமாகிறது. கல்லீரலிலும் சிபி1 இருப்பதால், அதைத் தடுக்கும் மருந்து சுரப்பைத் தொடாமலேயே இரத்த இன்சுலினை மாற்றக்கூடும். இன்சுலினோடு சம எண்ணிக்கையில் வெளியாகி, கல்லீரலில் பெரிதும் சிக்காமல் செல்லும் சி-பெப்டைடை அளந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அளக்காத கட்டுரை 'சுரப்பு' என்று எழுதியிருந்தாலும், நீங்கள் 'இரத்த அளவு' என்றே படியுங்கள்.

பிரித்தெடுத்த திட்டுகளில் செய்த சோதனை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது; ஆனால் அதற்கென்று வேறு பொறிகள் உண்டு. கொலாஜினேஸ் நொதியால் கணையத்தைக் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் திட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முதலில் 2.8 மில்லிமோலார் குளுக்கோஸிலும் பின்னர் 16.7 மில்லிமோலாரிலும் வைத்து, வெளியான இன்சுலினை அளப்பது வழக்கமான முறை. இவை சுமார் 50, 300 மி.கி./டெ.லி. அளவுகளுக்குச் சமம். பருத்த விலங்கின் திட்டுகள் பெரியவை. ஒரு பேச்சுக்கு, மெலிந்த விலங்கின் திட்டில் 50 அலகு இன்சுலின் இருந்து 1 அலகு வெளியாகிறது என்றும், பருத்த விலங்கின் திட்டில் 100 இருந்து 2 வெளியாகிறது என்றும் கொள்வோம். திட்டு ஒன்றுக்குக் கணக்கிட்டால் சுரப்பு இரட்டிப்பு. உள்ளிருப்பில் சதவீதமாகக் கணக்கிட்டால் இரண்டிலும் 2 சதவீதம்தான், மாற்றமே இல்லை. வரைபடத்தின் செங்குத்து அச்சில் எழுதியிருக்கும் அலகைப் படிக்காமல் பட்டைகளின் உயரத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை. 'எத்தனை மடங்கு' என்ற விகிதமும் இப்படித்தான் ஏமாற்றும்: குறைந்த குளுக்கோஸில் கசியும் இன்சுலின் கூடினாலே, தூண்டிய சுரப்பு அப்படியே இருந்தாலும், விகிதம் விழுந்துவிடும்.

திட்டுகள் இருக்கும் கரைசலில் எண்டோகன்னாபினாய்டைச் சேர்த்திருந்தால், ஆல்புமின் என்னும் புரதம் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். இந்த மூலக்கூறுகள் ஆல்புமினோடும் பிளாஸ்டிக் கலத்தின் சுவரோடும் ஒட்டிக்கொள்வதால், சேர்த்த செறிவு செல்லை எட்டிய செறிவாக இருப்பதில்லை.

இனி, முரணான முடிவுகளின் வேர். 2006இல் சுண்டெலித் திட்டுகளில் வந்த ஓர் ஆய்வு, 2-ஏஜி சிபி2 வழியாகச் சுரப்பைக் குறைப்பதாகக் காட்டியது. 2008இல் மனிதத் திட்டுகளில் வந்த இன்னொன்று, சிபி1 தூண்டப்பட்டால் இன்சுலினும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககானும் கூடுவதாகவும், சிபி2 தூண்டப்பட்டால் இன்சுலின் குறைவதாகவும் கண்டது. சுண்டெலித் திட்டில் குளுக்ககானைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் ஓரத்திலும் பீட்டா செல்கள் நடுவிலும் இருக்க, மனிதத் திட்டில் அவை கலந்து கிடக்கின்றன. அண்டைச் செல் சுரப்பது பீட்டா செல்லைப் பாதிக்கும் விதமும் அதனால் மாறலாம். ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறது என்று காட்டப் பயன்படும் எதிர்ப்பொருள்களில் (குறித்த புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்) பல நம்பகமற்றவை. ஏற்பி நீக்கப்பட்ட விலங்கின் திசுவில் அதே எதிர்ப்பொருள் சாயம் காட்டவில்லை என்ற சான்று இல்லாத படங்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காரண காரியத் திசையையும் கவனியுங்கள்: அதிகக் குளுக்கோஸில் வளர்த்த பீட்டா செல் வழிகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல்கள்) எண்டோகன்னாபினாய்டுகள் கூடுவதாக 2006இலேயே காட்டப்பட்டது. ஆகவே இவற்றின் உயர்வு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

கடைசியாகத் தடுப்பான் மருந்துகள். சிபி1ஐத் தடுத்தால் விலங்கு குறைவாகத் தின்னும், இளைக்கும்; இளைத்தாலே இன்சுலின் இறங்கும். ஆகவே மருந்து பெற்ற விலங்கு தின்ற அளவே உணவு கொடுக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்விலிருந்து கணையத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய வேண்டாம். பீட்டா செல்லில் மட்டும் ஏற்பியை நீக்கிய ஆய்வுகள் இதைவிட வலுவான சான்று. விளைவு பீட்டா செல்லிலேயே தொடங்காமலும் இருக்கலாம்: 2013இல் வெளியான ஓர் ஆய்வு, திட்டுக்குள் ஊடுருவிய மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் சிபி1 அழற்சியைத் தூண்டிப் பீட்டா செல்களை அழிப்பதைக் காட்டியது, ஆனால் அதில் பயன்பட்டவை மரபு வழியே பருத்த சக்கர் எலிகள், உணவால் பருத்தவை அல்ல. மனிதரிடம் முதலில் பயன்பட்ட தடுப்பான் ரிமோனபன்ட் 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, மனச்சோர்வு முதலான மனநலக் கேடுகளால் 2008இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் மூளைக்குள் புகாத தடுப்பான்களைத் தேடும் ஆய்வுகள் பெருகின. அவற்றைப் படிக்கும்போது மூளையிலும் இரத்தத்திலும் மருந்தின் செறிவை உண்மையிலேயே அளந்திருக்கிறார்களா, அதுவும் ஒரே வேளை கொடுத்த பின்பா, வாரக்கணக்கில் கொடுத்த பின்பா என்று பாருங்கள்.