கீமோவால் வாய் புண்ணானால்: வீட்டிலேயே கொப்பளிக்கும் தண்ணீர் தயாரிப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து கோவைக்குப் போய் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) போட்டுக்கொண்டு மலையேறி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, வந்த அன்று வாய் நன்றாகத்தான் இருக்கும். பெரும்பாலும் 5 நாளிலிருந்து 10 நாளுக்குள் எரிச்சல் தொடங்கும். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் மட்டுமல்ல, வாயின் உட்புறத் தோலும் அப்படி வேகமாகப் புதுப்பிக்கப்படுவதுதான். அதனால் பழைய தோல் உரியும், புதிய தோல் வரத் தாமதமாகும். கழுத்திலோ வாயிலோ கரண்ட் வைப்பவர்களுக்கு (ரேடியேஷனைத்தான் சொல்கிறேன்) இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புண் வரும், நீண்ட நாள் இருக்கும்.

கொப்பளிப்பதால் புண் வராமலே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வாய் சுத்தமாக இருக்கும், கெட்டியான கோழை கரையும், வலி கொஞ்சம் அடங்கும், கிருமி சேர்வது குறையும். இரண்டு வாய் கஞ்சி உள்ளே இறங்க இதுவே பெரிய உதவி. புண் வரும்வரை காத்திருக்காமல் கீமோ போட்ட அன்றே தொடங்கிவிடுங்கள்.

படி 1: தண்ணீர்

மலையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் அடுப்பை அணைத்தால் போதாது. 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தளதளவென்று கொதித்தபின் 3 நிமிடம் விடுங்கள். குன்னூர், கோத்தகிரியில் 1 நிமிடம் போதும். கூடுதலாக விட்டாலும் கெடுதல் இல்லை. ஊற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் பயன்படுத்த வேண்டாம். கீமோவுக்குப் பின், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரம் இது.

படி 2: கலவை

ஒரு டம்ளர் (200 முதல் 250 மில்லி) வெதுவெதுப்பான தண்ணீருக்கு:

- தூள் உப்பு: கால் டீஸ்பூன்
- ஆப்ப சோடா: கால் டீஸ்பூன்

சோடா உப்பு, சமையல் சோடா என்று மளிகைக்கடையில் கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதில் புளிப்புப் பொருளும் மாவும் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். கல்லுப்பு என்றால் பொடித்துவிட்டு அளந்து போடுங்கள். முழுசாகக் கரையும்வரை கலக்குங்கள். அடியில் தங்கும் ஒரு உப்புத் துகள் புண்ணில் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும்.

எரிச்சல் தாங்கவில்லை என்றால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். உப்பு வேலை செய்ய வாய் கரிக்க வேண்டும் என்பதில்லை. நம் உடம்பின் திரவத்தோடு ஒத்துப்போகும் உப்புக் கரைசலே லிட்டருக்கு 9 கிராம்தான். சோடா, வாயில் சேரும் அமிலத்தைத் தணித்து நூல்நூலாக இழுக்கும் எச்சிலை இளக்கும்.

காலையில் ஒரு லிட்டர் கலந்து மூடி வைக்கலாம். உப்பும் சோடாவும் தலா ஒரு டீஸ்பூன். மறுநாளுக்கு மீந்ததை ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். நம் ஊர்க் குளிரில் டம்ளரில் வைத்த தண்ணீர் சீக்கிரமே சில்லிட்டுவிடும், அதனால் சுத்தமான ஃபிளாஸ்க் நல்லது. ஆனால் கொடுக்குமுன் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். சூடே தெரியக்கூடாது. வெந்நீர் பட்டால் புண் மோசமாகும்.

படி 3: கொப்பளிப்பது

பல் செட் இருந்தால் முதலில் கழற்றுங்கள். மிக மென்மையான பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இன்னும் இளக்கிப் பல் தேய்க்கலாம். உமிக்கரி, பல்பொடி, விரலால் ஈறைத் தேய்ப்பது எல்லாம் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

ஒரு வாய் தண்ணீர் எடுத்து, வலது கன்னம், இடது கன்னம், நாக்கடி என்று மெதுவாக 30 விநாடி சுழற்றித் துப்பச் சொல்லுங்கள். பிறகு இன்னும் இரண்டு வாய். விழுங்கக் கூடாது. முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒருமுறை. அதன்பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் நல்லது.

சாப்பிட்ட பிறகும் தூங்குமுன்பும் கட்டாயம். இடையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. புண் வந்துவிட்டால் விழித்திருக்கும்போது 1, 2 மணி நேரத்துக்கு ஒருமுறைகூடச் செய்யலாம். படுத்த படுக்கையாக இருப்பவர், புரையேறுகிறவர் என்றால் கொப்பளிக்க வேண்டாம். சுத்தமான துணியை இதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வாய்க்குள் ஒற்றி எடுங்கள்.

மலையில் கிடைப்பவற்றைப் பற்றி

நீலகிரித் தைலம் வாய்க்குள் வேண்டவே வேண்டாம். "இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் கொப்பளி, கிருமி செத்துவிடும்" என்று அக்கம்பக்கத்தில் அன்போடு சொல்வார்கள். உரிந்த தோலில் அது நெருப்பு. சில மில்லி உள்ளே போனாலே நஞ்சு. வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் ஆபத்து. அதிலிருப்பது ஆஸ்பிரின் வகைச் சரக்கு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) குறைந்தவருக்கு ரத்தக்கசிவைக் கூட்டும். கிராம்புத் தைலமும் இந்தப் பட்டியலில்தான். செடியிலிருந்து வந்தது என்பதால் புண்ணுக்கு இதமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

கொய்யா இலைக் கஷாயம், கடுக்காய்த் தண்ணீர் துவர்ப்பானவை. ஏற்கெனவே உலர்ந்த வாயை இன்னும் வறட்டும். எலுமிச்சை, வினிகர், சாராயம் கலந்த மவுத்வாஷ் மூன்றும் எரிக்கும்.

மலைத்தேன் கொஞ்சம் வேறு கதை. தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் வைப்பவர்களுக்குப் புண்ணைத் தடுக்கத் தேன் உதவலாம் என்று 2020 இல் வந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனாலும் சர்க்கரை நோய் இருந்தால், வெள்ளையணு மிகக் குறைந்திருந்தால் காய்ச்சாத காட்டுத்தேன் சரிப்படாது. எச்சில் வற்றிய வாயில் தேன் தங்கினால் பல்லும் சொத்தையாகும். டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சாப்பாட்டில், ஆவி பறக்கும் டீயை ஆறவைத்துக் கொடுங்கள். வர்க்கியை (மொறுமொறுப்பான ஊட்டி பிஸ்கட்) அப்படியே கடித்தால் ஈறைக் கீறும், ஆசைப்பட்டால் டீயில் நன்றாக ஊறவிட்டு. வெற்றிலை பாக்கு, புகையிலை கூடவே கூடாது.

எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

காய்ச்சல் 38 டிகிரியை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் உடனே. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலும், ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படித்தான். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து வேண்டும், கொப்பளித்தால் போகாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அவசர எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மழைக்காலத்தில் குன்னூரிலிருந்து கீழே இறங்கும் பர்லியார் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் நின்றுவிடும். ஆகவே சாயங்காலமே உடம்பு சரியில்லாத மாதிரி தெரிந்தால் இருட்டுமுன் போன் செய்துவிடுங்கள். கீழே இறங்க முடியாத நிலை என்றால் 108ஐ அழைத்து, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "கீமோ போட்டவர்" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.