வீட்டு அடுப்பில் கொச்சினீத்தா பிபில்

மெக்சிகோவின் யுகதான் பகுதியில் ஞாயிறு காலைச் சாப்பாடு என்றால் கொச்சினீத்தா பிபில் என்ற பன்றிக்கறிதான். மாயா மொழியில் ‘பிப்’ என்றால் மண்ணில் குழி தோண்டி, சுட்ட கற்களைப் போட்டு மூடி வேகவைக்கும் அடுப்பு. ஸ்பானியர்கள் பன்றியையும் புளிப்பு ஆரஞ்சையும் கொண்டு வருவதற்கு முன்பே மாயா மக்கள் மான் கறியை அப்படிச் சமைத்தார்கள். குழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடிகனமான பாத்திரமும் வாழை இலையும் இருந்தால் போதும்.

முதல் நாள் இரவு

கொழுப்போடு கூடிய தோள்பட்டைப் பன்றிக்கறி 1 கிலோ வாங்கி, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். கொழுப்பில்லாத கறி வேண்டாம், வறண்டு போகும்.

அங்கே நிறத்துக்கும் மணத்துக்கும் அச்சியோத்தே விதை விழுது சேர்ப்பார்கள். அது கிடைக்காததால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன் போடுகிறேன். நிறம் நன்றாக வரும். அச்சியோத்தேவின் மண்வாசம் மட்டும் வராது.

தோலோடு 6 பல் பூண்டை வெறும் தோசைக்கல்லில் கரும்புள்ளி விழும்வரை சுட்டு உரித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், அந்தப் புகைவாசம் இங்கிருந்துதான் வருகிறது. சீரகமும் மிளகும் அரை டீஸ்பூன் வீதம், கிராம்பு 3, சிறு துண்டு பட்டை, ஓரிகானோ 1 டீஸ்பூன், உப்பு 2 டீஸ்பூன் சேர்த்து அரையுங்கள். புளிப்பு ஆரஞ்சுக்குப் பதில் 150 மில்லி ஆரஞ்சுச் சாறும் 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும். எல்லாவற்றையும் கறியில் பிசறி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள். அலுமினியம் புளிப்போடு சேராது.

மறுநாள்

வாழை இலையின் நடுநரம்பைச் சீவிவிட்டு, சிறு தீயில் மெதுவாக வாட்டுங்கள். தீ படும் இடத்தில் மங்கலான பச்சை சட்டென்று எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், உடனே அடுத்த இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், சாறு முழுவதும் அடியில் ஒழுகிவிடும்.

பாத்திரத்தில் இரண்டு அடுக்கு இலையை ஓரம் வெளியே தொங்கும்படி விரியுங்கள். கறியையும் ஊறிய சாற்றையும் கொட்டி, இலையை மேலே மடித்து மூடுங்கள். இலைக்கு அடியில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடியின் ஓரத்தைக் கோதுமை மாவால் தம் பிரியாணிக்குப் போல அடைத்துவிடுங்கள். பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்காமல் பழைய தோசைக்கல்மேல் வையுங்கள். மிகச் சிறு தீயில் மூன்றரை மணி நேரம். ஓவன் இருந்தால் 150 டிகிரியில் அதே நேரம்.

இடையில் திறக்காதீர்கள். முதல் முறை நான் அரைமணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன். ஆவியெல்லாம் போய் அடி பிடித்துவிட்டது. தோள்பட்டைக் கறியில் சவ்வு அதிகம். நிதானமான சூட்டில்தான் அது இளகிச் சாற்றோடு கலக்கும், அதுவரை கறி ரப்பர்போல்தான் இருக்கும்.

இதற்கிடையில் பெரிய வெங்காயம் ஒன்றை மெல்லியதாக நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, கீறிய பச்சைமிளகாய் சேர்த்து ஊறவிடுங்கள். அங்கே அபனேரோ மிளகாய் போடுவார்கள், காரம் கடுமையாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் வெங்காயம் ரோஜா நிறமாகிவிடும்.

சரி, இப்போது திறக்கலாம். முள்கரண்டியால் தொட்டால் கறி நார்நாராகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் அரைமணி. பிரித்த கறியை அந்தச் சாற்றிலேயே புரட்டி, மக்காச்சோள மாவு ரொட்டியான தோர்த்தியாவில் வைத்து, மேலே வெங்காயத்தைத் தூவுங்கள். தோர்த்தியா கிடைக்காதபோது நான் மெல்லிய சப்பாத்தியில் வைத்துச் சாப்பிடுகிறேன், அப்புறம் இலையில் ஒட்டியிருக்கும் சாற்றையும் அதாலேயே வழித்துக்கொள்வேன்.