தலை மாறும் குறுக்கெழுத்து

குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும்போது கட்டம் போட்டுவிட்டுச் சொல் தேடாதீர்கள். முதலில் ஒரு சொல்விளையாட்டைப் பிடியுங்கள். எனக்கு அது திருப்பாதிரிப்புலியூர் டீக்கடை பெஞ்சில் கிடைத்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகிற லாரியைப் பார்த்து 'கரும்பு' என்று எழுதினேன். தலையை மாற்றினால் இரும்பு, அரும்பு, துரும்பு, திரும்பு! எல்லாமே நான்கு கட்டம். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

இந்தக் கூட்டத்தில் எறும்பும் குறும்பும் நைசாக நுழையப் பார்க்கும். விடாதீர்கள், அது வல்லின று. (நான் ஒருமுறை விட்டேன். மனைவி பேனாவையே பிடுங்கிவிட்டாள்.)

அப்புறம் குறிப்பு. அரும்புக்கு 'மொட்டு' என்று போட்டால் சப்பென்று இருக்கும். 'மல்லிக்கும் உண்டு, மீசைக்கும் உண்டு' என்று போடுங்கள். துரும்புக்கு, 'இளைத்தவனும் இதுதான், பல் குத்தவும் இதுதான்'.