மலையகத்தில் காணி வாங்கியவர்களுக்கு: பெக்கோவுக்கு முன் மண்வெட்டி

கொழும்பில் பத்துப் பேர்ச்சஸ் காணியோடு பழகியவர்கள் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் ஒரு துண்டு வாங்கியதும் முதலில் பெக்கோ பிடித்துத் தரையைச் சமமாக்கப் பார்ப்பார்கள். மலையில் அது தலைகீழான வேலை. அங்கே காணியின் பெறுமதியெல்லாம் மேலே கிடக்கும் கரிய மண்ணில்தான் இருக்கிறது. பெக்கோ முதலில் வழித்தெடுப்பதும் அதைத்தான்.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. இந்தக் குளிரில் இலைதழை மெல்லத்தான் உக்கும். அதனால் சேதனப் பொருள் சேர்ந்து மேல்மண் கறுத்துப் போகும். அதற்குக் கீழே இருப்பது மழையில் சத்தெல்லாம் கழுவப்பட்ட செம்மஞ்சள் மண். அது புளிப்பானது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால் போட்ட உரம் செடிக்குப் போய்ச் சேராது. மரமே வளராத உயர்மலைப் பகுதியான உண்மையான அல்பைன் வலயம் இலங்கையில் இல்லை. பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். வெப்பவலய மலைகளில் மரங்கள் நின்றுபோவது அதைவிட ஆயிரம் மீற்றருக்கும் மேலே. ஆனாலும் குளிர், சரிவு, மெல்லிய மண் என்ற மூன்று தடைகளும் இங்கேயும் அப்படியே உண்டு.

முதலில் சரிவை அளந்து பாருங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு ரசமட்டம் வாங்குங்கள். 2 மீற்றர் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றும் அளவு நாடாவும் வேண்டும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் வந்தால் சரிவு 30 சதவீதம். 120 வந்தால் 60 சதவீதம், அதாவது ஏறக்குறைய 31 பாகை. காணியின் பல இடங்களில் இப்படிப் பாருங்கள். 60 சதவீதத்தைத் தாண்டும் பகுதியில் பயிர், வீடு இரண்டையும் மறந்து மரத்துக்கு விட்டுவிடுவதே புத்தி. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்கக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இலேயே கட்டுப்பாடு வந்தது.

அடுத்து, மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு மூன்று நான்கு குழிகள் வெட்டிப் பாருங்கள். கறுப்பு மண் ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே கழுவப்பட்டுவிட்டது. குழியின் அடியில் நீர் ஊறினாலோ, சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தாலோ வடிகால் சரியில்லை. மண் பரிசோதனைக்கு, காணி முழுக்கக் குறுக்கும் மறுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ அனுப்பினால் போதும். எருக்குவியல் இருந்த இடத்திலும் வேலியோரத்திலும் எடுத்தால் முடிவு பொய்யாகும்.

மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை என்றால் தேயிலைக்கு நல்லது, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூளைப் போடாதீர்கள். கரட், லீக்ஸ் போன்றவற்றுக்கு 5.5க்கு மேல் வேண்டும். ஹெக்டேயருக்கு 2 தொன் டொலமைட் என்று பரிசோதனை அறிக்கை சொன்னால், அது பேர்ச்சஸுக்கு ஏறக்குறைய 5 கிலோ. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தூவி மண்ணோடு கிளறிவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் நைதரசன் அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். பழைய மரக்கறித் தோட்டமென்றால் பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கியிருக்கலாம். அறிக்கை பார்க்காமல் உர மூட்டை வாங்க வேண்டாம்.

கான் வெட்டுவதுதான் பெரும்பாலும் பிழைக்கும் இடம். சரிவோடு நேரே கீழ்நோக்கி வெட்டினால் ஒரே பருவத்தில் அது ஓடையாகிவிடும். குறுக்காக, 120 அடிக்கு 1 அடி இறக்கம் போதும். இடையிடையே மண் தடுப்பு விட்டு, வண்டல் படியும் குழிகளையும் வைத்து, மழை முடிந்ததும் அந்த வண்டலை அள்ளி மேலே போடுங்கள். கானின் முடிவு பாறையிலோ புல் மூடிய ஓடையிலோ இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் மதிலில் அல்ல. கானின் ஓரத்தில் மானாப் புல்லை நெருக்கமாக இரட்டை வரிசையில் நடலாம். தோட்டங்களில் பழகிய வழி அது, வெட்டினால் மூடாக்கும் கிடைக்கும். கிளிரிசிடியா தாழ்நாட்டு மரம். இந்தக் குளிரில் அதை நம்பாதீர்கள்.

இருக்கும் டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரங்களை ஒரேயடியாக வெட்டுவதும் ஆபத்து. வெட்டிய உடனே ஒன்றும் நடக்காது. சில ஆண்டுகளில் வேர் உக்கி, மண்ணின் பிடி விட்டபின்தான் சரிவு இறங்கும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இடைவெளியில் புதியதை நட்டு வளரவிடுங்கள். பள்ளத்தின் அடியில் குளிர்ந்த காற்று தேங்குவதால் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி அங்கேதான் விழும். இளஞ்செடிகளை நடுச்சரிவில் வையுங்கள்.

வீடு கட்டுவதானால் திட்ட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு தேவைப்படும். அதன் தலைமையகம் கொழும்பிலேயே, ஜாவத்தை வீதியில் இருக்கிறது. முற்பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். கழிவுநீர்க் குழியைச் சரிவின் விளிம்பில் தோண்டாதீர்கள். அந்த நீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவைக் கனக்க வைக்கும். தாங்குமதிலின் பின்னால் சல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகளும் வைக்க வேண்டும். மதில் சரிவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால்தான்.

காணியில் யாராவது தங்குவதானால் ஒரு மழைமானி வாங்கி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம். 100ஐத் தாண்டினால் பையைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மானியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே இறங்கிவிடுங்கள்.