விசாரிக்க வருகிறவர்களைச் சமாளிப்பது எப்படி?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஆபரேஷன், கீமோ பற்றியெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். ஆனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலில் வந்து நிற்கும் சொந்தபந்தத்தை என்ன செய்வது? நம் கொங்குப் பக்கம் பங்காளி வகையறா, மாமன் மச்சான் வகையறா என்று ஆள் வந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் பதில் சொல்ல ஒரு ஆளைப் பிடியுங்கள். நாத்தனாரோ தங்கச்சியோ, கொஞ்சம் வாய்க்காரியாக இருந்தால் ரொம்ப நல்லது, போனையும் அவரிடமே கொடுத்துவிடலாம். கீமோ ஏற்றி 7 முதல் 14 நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், தொற்று சுலபமாக வரும், அதனால் "கூட்டம் சேரக்கூடாதுங்க" என்று அவர் சொல்வது சாக்கே இல்லை. (அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுங்கள்.)

அதையும் மீறி உள்ளே வந்து "எங்க ஊர்ல ஒரு அம்மணி இதே நோவுலதான்..." என்று ஆரம்பிப்பவரிடம், "அந்தக் கதை வேண்டாமுங்க, காபி குடிங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லலாம். மொட்டைத் தலையைப் பார்த்து "பழனிக்கு முடி எறக்குனீங்களா?" என்று பஸ்ஸில் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள் மட்டும் மூடி வைக்காதீர்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அவளிடமே மறைக்கிறவர்கள் உண்டு. பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் மகளையும் கூட்டிப்போய் டாக்டரிடம் கேளுங்கள். இது ஒட்டுவாரொட்டியும் இல்லை, தட்டு டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பவர் மாமியாரே ஆனாலும் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

கணவர்மார் கார் ஓட்டுவார்கள், பில் கட்டுவார்கள், தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பயம்தான், வெறுப்பு என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். "வழி சொல்ல வேண்டாம், கேட்டா போதும்" என்று நீங்களே ஆரம்பியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வருகிறது என்றால் கேன்சர் டாக்டரிடமே சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. அந்த நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் "கேன்சருக்கு வைத்தியம் பாத்துட்டிருக்கேன், தூக்கம் வரலைங்க" என்பதே போதும்.