ஹெச்டி எடிட்டிங்கில் படம் திக்குகிறதா? பழைய கணினிக்காரர்கள் செய்யும் தவறுகள்

வீடியோ எடிட்டிங் மென்பொருளில், துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறீர்கள். குரல் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. படம் மட்டும் நின்று நின்று தாவுகிறது. உடனே பலரும் கை வைப்பது ரேமில்தான். நானும் 4 ஜிபியை 8 ஆக்கிப் பார்த்தேன். மென்பொருள் சட்டென்று திறந்தது, படம் பழையபடியே திக்கியது.

கோப்பு சின்னதாக இருந்தால் கணினிக்கு வேலையும் குறைவு என்று நினைத்ததுதான் என் தவறு. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். கைபேசியும் கேமராவும் தரும் ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பில் எல்லா ஃபிரேமும், அதாவது அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படமும், முழுப் படம் கிடையாது. அங்கங்கே ஒன்றுதான் முழுசு. நடுவில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்து ஃபிரேம்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்புகள். நடுவில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், ப்ராசசர் பின்னால் போய் முழு ஃபிரேமைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். முன்னோக்கி ஓடுவதைவிட மோசமாகத் திணறினால் சிக்கல் பெரும்பாலும் இதுதான். அதற்கு அடுத்த தலைமுறையான ஹெச்.265 இன்னும் கனம்.

“பிளேயரில் நன்றாக ஓடுகிறதே?” ஓடும். அதற்கு ஒரே கோப்பு, ஒரே திசை. எடிட்டிங் மென்பொருளுக்கு அப்படியா?

இதற்கு மருந்து பிராக்ஸி. அதாவது, எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு லேசான நகல். கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். ஆனால் நகலை வெளியே வேறொரு கருவியில் தயாரித்து, ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கை) மாற்றிவிடாதீர்கள். மூலக் கோப்போடு இணைக்கும்போது வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்திருக்கும்.

அடுத்த தவறு, ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் எடிட்டிங்குக்கென்றே உள்ள உயர்தர வடிவமான புரோரெஸ் 422 ஆக மாற்றுவது. அதில் முழு ஃபிரேம்களே இருப்பதால் ப்ராசசருக்கு நிம்மதி. ஆனால் 1080பி, நொடிக்கு 25 ஃபிரேமில் ஒரு டிராக் (டைம்லைனில் ஒரு வீடியோ வரிசை) நொடிக்குச் சுமார் 15 மெகாபைட் கேட்கும். மூன்று டிராக் என்றால் 45. யுஎஸ்பி 2.0 வெளி டிஸ்க் நடைமுறையில் 30, 40 மெகாபைட்தான் தரும். திக்கல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: உச்சியில் நிற்பது சிபியூவா (ப்ராசசர்), டிஸ்க்கா?

பிரிவியூவை, அதாவது எடிட் செய்யும்போது பார்க்கும் முன்னோட்டத்தை, முழுத் தெளிவில் வைத்துக்கொண்டு அவதிப்படுவதும் வேண்டாத வேலை. 1920×1080 என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் பிக்சல். பாதியாக்கினால் அகலமும் உயரமும் பாதியாகும், எனவே பிக்சல் கால் பங்கு, சுமார் 5.2 லட்சம். வெட்டி ஒட்ட அது தாராளம். இரைச்சல் நீக்கம், ஆட்டம் குறைப்பு போன்ற கனமான எஃபெக்டுகளை வெட்டு வேலை முடிந்த பிறகு போடுங்கள். அப்புறம், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டாதீர்கள்.

எல்லாத் திக்கலும் கணினியின் குற்றமும் இல்லை. 10 நொடித் துண்டை ஏற்றுமதி செய்து பிளேயரில் ஓட்டுங்கள். சீராக ஓடினால் குறை பிரிவியூவில் மட்டும். அதிலும் தாவினால், 25 ஃபிரேமில் எடுத்ததை 30 ஃபிரேம் டைம்லைனில் போட்டிருக்கலாம். அல்லது கைபேசி ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்திருக்கலாம். இதற்குப் புதுக் கணினி வாங்கியும் பயனில்லை. முதல் வகைக்கு டைம்லைன் அமைப்பை மாற்றுங்கள். இரண்டாவதற்கு, எடிட்டிங் தொடங்கும் முன்பே கோப்பை ஒரே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிராக்ஸியில் வேலை பார்த்தவர்கள், முழு வீடியோவையும் ஏற்றுமதி செய்யும் முன் அந்த 10 நொடித் துண்டை முழுத்திரையில் ஒருமுறை பாருங்கள். காட்சிக்குள் இருக்கும் பலகை எழுத்தின் ஓரம் மசமசவென்று இருந்தால், போயிருப்பது மூலக் கோப்பல்ல, நகல்.